14 வருட சர்வீஸும் ஒரு பூட்டிய கதவும்: எங்கள் கேம்பஸ் போலீசுக்கு மூன்றரை நட்சத்திரம்

இரவு 2.40க்கு எங்கள் ஆய்வகத்தின் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் என் கைப்பேசிக்கு அலாரம் அனுப்பியது. உள்ளே ஆறு வருடமாகச் சேர்த்த ரத்த மாதிரிகள். நைட்டிக்கு மேல் ஒரு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, ஹவாய் செருப்போடு காரை எடுத்தேன். கட்டட வாசலில் போய் நின்ற பிறகுதான் அடையாள அட்டை வீட்டில் சமையல் மேடையில் கிடப்பது நினைவுக்கு வந்தது. அட்டை இல்லாமல் அந்தக் கதவு திறக்காது.

கேம்பஸ் போலீசுக்கு, அதாவது பல்கலைக்கழகத்தின் சொந்தப் போலீசுக்கு, போன் செய்தேன். ஆறே நிமிடத்தில் வண்டி வந்தது. அதற்கு முழு மதிப்பெண். இறங்கியவர் எனக்குப் புதுமுகம். பத்தடி தள்ளி நின்று டார்ச்சை என் முகத்தில் அடித்து, "கைகளை ஜாக்கெட் பையிலிருந்து வெளியே எடுங்கள், மேடம்" என்றார். எடுத்தேன். அடையாள அட்டை கேட்டார். அது இருந்தால் உங்களை ஏன் கூப்பிடப் போகிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, பெயர், துறை, பேராசிரியர் பெயர் எல்லாம் ஒப்பித்தேன். அவர் ரேடியோவில் சொல்ல, அந்தப் பக்கம் யாரோ கம்ப்யூட்டரில் தேட, இருபது நிமிடம் போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தபோது ஃப்ரீசர் மைனஸ் 61ல் நின்றது. மாதிரிகள் தப்பின. என் ரத்த அழுத்தம் மட்டும் தப்பவில்லை.

அதற்கு முன்பெல்லாம் இரவில் வருபவர் ஒரு பெரியவர். வண்டியிலிருந்து இறங்கும்போதே "மறுபடியும் ஃப்ரீசரா?" என்பார். சாவிக்கொத்தை எடுப்பார், திறப்பார், குழந்தைகளைப் பற்றி விசாரிப்பார். அந்த வசந்த காலத்தில்தான் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு வந்தவர்தான் இந்த டார்ச்காரர். விசாரித்ததில், பக்கத்துப் பெருநகரப் போலீசில் 14 வருட சர்வீஸ், எங்களிடம் சேர்ந்து இரண்டு மாதம் என்று தெரிந்தது.

நான் டெக்சாஸில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறேன். 11 வருடம் ஆகிறது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை வந்தால் விசா வாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் யார் யாரையோ பிடித்து எனக்கு போன் செய்வார்கள். வீட்டு வாடகை, சமையலுக்குக் குக்கர் கொண்டுவரலாமா என்பதற்கு அடுத்த கேள்வி, "பாதுகாப்பு எப்படிம்மா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறோம், போலீசுக்கு எழுதினால் என்ன?

நம் ஊர்க் கல்லூரியை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் குழப்பம்தான் வரும். நான் படித்த கல்லூரியில் வாசலில் ஒரு வாட்ச்மேன், விடுதியில் ஒரு வார்டன். போலீஸ் உள்ளே வந்தால் அது மறுநாள் பேப்பரில் வரும் செய்தி. இங்கே பல்கலைக்கழகத்துக்கே சொந்தமாகப் போலீஸ். காக்கிச்சட்டை போட்ட செக்யூரிட்டி என்று நினைத்துவிடாதீர்கள். துப்பாக்கி, பேட்ஜ், கைது செய்யும் அதிகாரம் எல்லாம் நகரப் போலீசுக்கு இருப்பதுபோலவே. டெக்சாஸ் சட்டப்படி பல்கலைக்கழகத்துக்கு நிலம் இருக்கும் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுவதும் இவர்கள் அதிகாரம் செல்லும். அமெரிக்க நீதித்துறை 2011-12ல் எடுத்த கணக்கில், 2,500 மாணவர்களுக்கு மேல் உள்ள நான்காண்டுக் கல்லூரிகளில் அரசுக் கல்லூரிகள் 92 சதவீதம் இப்படிச் சொந்தப் போலீஸ் வைத்திருந்தன. தனியாரில் 38 சதவீதம். நான்கில் மூன்று வளாகங்களில் துப்பாக்கியோடு.

இந்தப் போலீசுக்கு ஆள் எடுக்க இரண்டு வழி. ஒன்று, புதிதாக ஒருவரை எடுத்துப் போலீஸ் பயிற்சி அகாடமிக்கு அனுப்பி, சம்பளமும் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருப்பது. இன்னொன்று, வேறு ஊரில் ஏற்கெனவே போலீசாக இருப்பவரை அப்படியே இழுத்துக்கொள்வது. இரண்டாவதற்கு இங்கே 'லேட்டரல்' என்று பெயர். எங்கள் போலீஸ் துறை கடந்த சில வருடங்களாக லேட்டரல்களைத்தான் துரத்துகிறது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் முதல் கேம்பஸ் போலீசே லேட்டரல்தான். 1894ல் யேல் பல்கலைக்கழகம் நியூ ஹேவன் நகரப் போலீசிலிருந்து இரண்டு பேரை எடுத்துத் தன் வளாகத்தில் நடமாட விட்டது. மருத்துவ மாணவர்கள் கல்லறைகளில் பிணம் திருடுகிறார்கள் என்ற வதந்தியில் ஊருக்கும் மாணவர்களுக்கும் அடிதடி ஆகிக் கிடந்த காலம். டெக்சாஸின் கதை வேறு. 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் கீழே நடந்துபோனவர்களைச் சுட்டான். மேலே ஏறிப்போய் அவனை முடித்தது நகரப் போலீஸ். அடுத்த வருடமே பல்கலைக்கழகங்கள் சொந்தப் போலீஸ் வைத்துக்கொள்ளச் சட்டமன்றம் வழி செய்தது.

சரி, ஃப்ரீசர் இரவுக்கு வருகிறேன். மறுநாள் காலை போலீஸ் துறைக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். கோபத்தில் எழுதினாலும் அவர் பக்கத்தையும் யோசிக்காமல் இல்லை. நகரத்தில் 14 வருடம் இரவு ரோந்து போனவருக்கு, பின்னிரவில் பூட்டிய கதவு முன்னால் பையில் கைவிட்டு நிற்கும் ஆள் யாராக இருந்தாலும் முதலில் கைதான் கண்ணில் படும். போதாக்குறைக்கு 2016 ஆகஸ்ட் 1 முதல் டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் உரிமம் உள்ளவர்கள் மறைத்து வைத்துக் கைத்துப்பாக்கி கொண்டுவரலாம். கோபுரச் சம்பவம் நடந்து சரியாக 50 வருடம் கழித்து, அதே தேதியில் அந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. தேதியைப் பார்த்துத்தான் வைத்தார்களா என்று இங்கே இன்னும் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு நாளில் லெப்டினன்ட் ஒருவர் போன் செய்தார். மன்னிப்புக் கேட்டார். அப்புறம், "அடுத்த மாதம் லேட்டரல் நேர்காணல் இருக்கிறது, ஊழியர் சார்பில் நீங்கள் வந்து உட்கார முடியுமா?" என்றார். புகார் சொல்பவரைக் கமிட்டியில் போட்டு வாயடைக்கும் வித்தை திருநெல்வேலிக்கு மட்டும் சொந்தமில்லை என்று அன்று தெரிந்தது. போனேன்.

மேஜையைச் சுற்றி ஐந்து பேர். லெப்டினன்ட், ஒரு சார்ஜென்ட், விடுதி நிர்வாகத்திலிருந்து ஒருவர், ஒரு மாணவர், நான். எதிரே மூன்று பேர் அடுத்தடுத்து வந்தார்கள். எங்களிடம் வருவதற்கு முன்பே பின்னணி விசாரணை, உண்மை கண்டறியும் கருவி, மனநலப் பரிசோதனை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. பழைய வேலையிடத்துக் கோப்புகளையும் புரட்டுவார்களாம். ஒரு ஊரில் தப்புப் பண்ணிவிட்டு அடுத்த ஊரில் போய் அனுபவசாலி என்று சேர்ந்துகொள்வது இந்தத் தொழிலில் பெரிய தலைவலி. மாநிலம் மாநிலமாக உரிமம் பறிக்கப்பட்டவர்களின் பெயர்களைச் சேர்த்துவைக்க நாடு முழுவதற்கும் ஒரு பட்டியலே இருக்கிறது.

பெருநகரச் சம்பளத்தை விட்டுவிட்டு இங்கே ஏன் வருகிறார்கள் என்பது எனக்குப் புரியாத விஷயமாக இருந்தது. சார்ஜென்ட் இடைவேளையில் காபியோடு விளக்கினார். பழைய சர்வீஸைக் கணக்கில் எடுத்துச் சம்பளம் நிர்ணயிக்கிறார்கள், சேரும்போது ஒரு போனஸ், மாநில ஓய்வூதியம். எல்லாவற்றையும் விடப் பெரிய தூண்டில், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. "எனக்கு வீட்டில் மூன்று பேர்" என்று மூன்று விரலைக் காட்டினார். அதற்கு மேல் விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. நானும் அதற்காகத்தானே இங்கே குப்பை கொட்டுகிறேன்.

மாணவர் நல்ல கேள்வி கேட்டார். 2015 ஜூலையில் சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஒருவர் வளாகத்துக்கு வெளியே ஒரு காரை நிறுத்தினார். முன்பக்கம் நம்பர் பிளேட் இல்லை என்பதுதான் காரணம். காரில் இருந்த சாம் டுபோஸ் தலையில் குண்டு பாய்ந்து செத்தார். வழக்கு இரண்டு முறை நடந்தும் ஜூரி ஒரு முடிவுக்கு வரவில்லை. பல்கலைக்கழகம் குடும்பத்துக்கு 48.5 லட்சம் டாலர் கொடுத்தது, பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பும் கொடுத்தது. இதைச் சொல்லிவிட்டு மாணவர், "நம்பர் பிளேட் இல்லாத காரை வளாகத்துக்கு வெளியே பார்த்தால் நிறுத்துவீர்களா?" என்றார். முதல் ஆள் சட்டப்பிரிவு சொன்னார். இரண்டாமவர், "எதற்காக நான் அந்தத் தெருவில் இருந்தேன் என்பதைப் பொறுத்தது" என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது.

என் கேள்வி இதுதான்: ஒரு மாணவி போன் செய்கிறாள், அறைத்தோழி இரண்டு நாளாகப் படுக்கையை விட்டு எழவில்லை, சாப்பிடவில்லை என்கிறாள். என்ன செய்வீர்கள்? முதல் ஆளும் இரண்டாமவரும் கதவைத் திறக்கச் சட்டம் எப்போது அனுமதிக்கும், ஆம்புலன்ஸை எப்போது கூப்பிட வேண்டும், மனநல நெருக்கடிக்கான 40 மணி நேரப் பயிற்சியை எங்கே முடித்தேன் என்று கடகடவென்று சொன்னார்கள். இரண்டாமவருக்கு ஐந்துக்கு ஐந்து போட்டேன். மூன்றாவது ஆள் ஒரு கவுண்டி ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து, அதாவது கவுண்டிச் சிறையையும் பார்த்துக்கொள்ளும் போலீசிலிருந்து, வந்தவர். ஒன்பது வருடம், அதில் பெரும்பகுதி சிறையில் காவல். மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "முதலில் போன் செய்த பெண்ணிடம் பேசுவேன்" என்றார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் காத்திருந்தோம். அவரும் காத்திருந்தார். நான் இரண்டு மதிப்பெண் போட்டேன்.

லெப்டினன்ட் முடிவில் அனுபவம், அனுபவம் என்று பத்து தடவை சொன்னார். எனக்கு 2022ல் யுவால்டி பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச்சூடு ஞாபகம் வந்தது. இதே டெக்சாஸ்தான். 376 போலீஸ்காரர்கள் வந்து குவிந்தார்கள், அந்த வகுப்பறைக் கதவைத் தாண்ட 77 நிமிடம் ஆனது. 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியைகளும் போய்விட்டார்கள். அங்கே சர்வீஸ் வருடங்களைக் கூட்டியிருந்தால் ஆயிரக்கணக்கில் வந்திருக்கும். இதை அந்த அறையில் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

இரண்டாமவரையும் மூன்றாமவரையும் எடுத்தார்கள்.

அந்த வருடத் தீபாவளி. எனக்கு மாலை 6.30, இந்தியாவில் விடிகாலை 5 மணி. திண்டுக்கல்லிலிருந்து ஒரு அம்மா. தமிழ்ச் சங்கத்தில் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். "யம்மா, பையன் மூணு நாளா போனே எடுக்கல. இன்னைக்கு நல்ல நாளு வேற. எனக்கு நெஞ்சு படபடங்குது" என்று அழுகை. நான் கேம்பஸ் போலீசைக் கூப்பிட்டேன். வந்தது அந்த மூன்றாமவர்.

கடைசியாக எப்போது பேசினான், பையன் எப்படிப்பட்டவன், கூட இருப்பவர்கள் யார், இந்த வாரம் பரீட்சை ஏதாவது உண்டா என்று என்னை ஐந்து நிமிடம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அந்த அம்மாவை இன்னொரு லைனில் வைத்துக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் போய்க் கதவைத் தட்டினார். பையன் திறந்தான். கைப்பேசி மாடிப்படியில் விழுந்து திரை நொறுங்கிவிட்டது, நாளை மறுநாள் பரீட்சை, பழுதுபார்க்கப் பணத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல் தட்டியிருக்கலாமே என்று கேட்காதீர்கள், 22 வயதுப் பையன்களிடம் அதற்குப் பதில் கிடையாது. அதிகாரி தன் போனிலிருந்தே என்னைக் கூப்பிட்டார், நான் அந்த அம்மாவை இணைத்தேன். "அம்மா, போன் உடைஞ்சுபோச்சும்மா" என்றான். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எண்ணெ தேச்சுக் குளிச்சியாடா?" என்று குரல் வந்தது.

அதிகாரி என்னிடம் அம்மா என்ன கேட்கிறார் என்றார். மொழிபெயர்த்தேன். "குளித்தானா?" என்று அவரும் அக்கறையாகக் கேட்டார். குளிக்கவில்லை.

சிறையில் இரவு முழுவதும் உட்கார்ந்து, யார் தூங்குகிறார்கள், யார் தூங்குவதுபோல் படுத்திருக்கிறார்கள் என்று பார்த்துப் பழகிய மனுஷன். ஒன்பது வருடம் அவர் கற்றது காத்திருப்பது. அதற்குத்தான் நான் இரண்டு மதிப்பெண் போட்டேன். ஐந்துக்கு ஐந்து வாங்கியவர் எட்டே மாதத்தில் புறநகர்ப் போலீஸ் ஒன்றுக்குப் போய்விட்டார்.

பெற்றோர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இங்கே அவசர உதவி எண் 911. இந்தியாவிலிருந்து அதை அழைத்தால் அமெரிக்காவுக்குப் போகாது. பிள்ளை சேரும் பல்கலைக்கழகப் போலீசின் சாதாரண பத்து இலக்க எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு, இப்போதே எழுதிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். பிள்ளையின் அறை எண்ணையும் கூடவே. 'வெல்ஃபேர் செக்' வேண்டும் என்று சொன்னால் போதும், தட்டிப் பார்த்துவிட்டு வருவார்கள். காசு கிடையாது. போலீஸைக் கூப்பிட்டால் பிள்ளை விசாவில் கரும்புள்ளி விழும் என்று ஒரு அப்பா பயந்தார். கதவு தட்டி நலம் விசாரிப்பது கைதும் இல்லை, வழக்கும் இல்லை.

மற்ற சேவைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் துணைக்கு வரும் வண்டி நன்றாக இருக்கிறது. நள்ளிரவு வரை மாணவர்களே கோல்ஃப் வண்டியில் வந்து ஏற்றிக்கொள்கிறார்கள், அதற்கு மேல் போலீஸ் வரும். சைக்கிளில் எண் பொறித்துக் கொடுப்பது இலவசம், பூட்டு மட்டும் நல்லதாக வாங்குங்கள். ஆபத்தில் பொத்தானை அழுத்திப் போலீசைக் கூப்பிடும் நீல விளக்குக் கம்பங்களில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருப்பது நான்கு மாதமாக அணைந்து கிடக்கிறது. இரண்டு முறை சொல்லியாயிற்று.

தினசரிக் குற்றப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் காலைக் காபியோடு படிப்பேன். பெரும்பாலும் ஸ்கூட்டர் திருட்டு, குடித்துவிட்டு உருண்டவர்கள், லிஃப்டில் கிறுக்கல். இந்தப் பதிவேடு அவர்கள் தாராள மனசில் காட்டுவதல்ல, சட்டம். 1986 ஏப்ரலில் பென்சில்வேனியாவில் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற 19 வயதுப் பெண்ணைச் சக மாணவன் ஒருவன் கொன்றான். தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டிய கதவுகளை யாரோ முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். அவள் பெற்றோர் விடாமல் போராடி 1990ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு அக்டோபர் 1க்குள்ளும் கடந்த மூன்று வருடக் குற்றக் கணக்கைப் பல்கலைக்கழகம் வெளியிட வேண்டும். மறைத்தால் அபராதம். 2024ல் லிபர்ட்டி பல்கலைக்கழகத்துக்கு 1.4 கோடி டாலர் போட்டார்கள். பிள்ளைக்கு எந்தக் கல்லூரி என்று தரவரிசை பார்ப்பவர்கள் இந்த அறிக்கையையும் ஒருமுறை புரட்டலாம். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நாற்பதாயிரம் பேர் இருக்கும் இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றால், யாரும் போய்ச் சொல்லவில்லை என்றும் இருக்கலாம்.

அப்படியானால் ஒன்றரை நட்சத்திரம் எங்கே போனது? கம்பத்துக்கு அரை. மீதி ஒன்று முழுவதும் இந்த லேட்டரல் விவகாரத்துக்கு. அகாடமியிலிருந்து புதிதாக வருபவருக்கு எங்கள் துறையில் மாதக்கணக்கில் மூத்தவர் ஒருவர் கூடவே போய்ப் பழக்குகிறார். லேட்டரலுக்கு அதில் பெரும்பகுதியை வெட்டிவிடுகிறார்கள். அனுபவசாலி, அவருக்கு எதற்கு என்பது வாதம். அவருக்குக் கைவிலங்கு மாட்டச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் கட்டடத்தில் எந்த நேரத்தில் யார் வேலை செய்வார்கள், பரீட்சை வாரத்தில் நூலக மாடியில் எதற்கு அடிக்கடி ஏறி இறங்க வேண்டும், ரம்ஜான் மாதத்தில் விடியலுக்கு முன் விடுதிச் சமையலறையில் ஏன் விளக்கு எரிகிறது என்பதெல்லாம் எந்த நகரப் போலீசிலும் கிடைக்காது. அந்த அனுபவம் பெரியவரோடு ஓய்வு பெற்றுப் போனது. வெளியூர் அனுபவத்துக்கு போனஸ் கொடுத்து வாங்குகிறார்கள். உள்ளூரிலேயே விளைந்ததைத் தக்கவைக்க அந்த போனஸ் கிடையாது.

டார்ச்காரர் கதையையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு மூன்று முறை அவர்தான் வந்தார். மூன்றாவது முறை ஜனவரிக் குளிரில் இறங்கும்போதே "ஃப்ரீசர்?" என்றார். டார்ச் தரையைப் பார்த்து இருந்தது. அடுத்த மாதமே பழைய நகரப் போலீசுக்குத் திரும்பிப் போய்விட்டார். அங்கே போனஸ் இன்னும் அதிகமாம். போவதற்கு முன் ஆய்வகத்துக்கு வந்து, ஃப்ரீசர் அலாரம் வரும் அறை எண்களை ஒரு தாளில் எழுதி இரவு ஷிப்ட் மேஜையில் ஒட்டியிருப்பதாகச் சொன்னார்.

செப்டம்பரில் மறுபடி மூன்று இடத்துக்கு நேர்காணல், வரச் சொல்லியிருக்கிறார்கள். அறைத்தோழிக் கேள்வியை இந்த முறை விட்டுவிடப் போகிறேன். ஒரே ஆள் ஒரே வாரத்தில் நான்காவது முறை அட்டையை மறந்துவிட்டுக் கூப்பிட்டால் என்ன சொல்லிக்கொண்டு இறங்குவீர்கள் என்று கேட்கலாம் என்றிருக்கிறேன்.

அந்தத் தாள் இன்னும் மேஜையில் ஒட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும்.